உஷார்! பிள்ளைக்கு மட்டும் தெரியாத ரகசியம்

கருமுட்டை தானம் பெற்றுப் பிள்ளை வளர்க்கிறவர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளி அடையாள அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் ரத்த வகை அச்சிட்டிருக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஓ வகையாக இருக்க, பிள்ளைக்கு பி என்று போட்டிருக்கிறதா? அம்மாவுக்கு ஏபி, பிள்ளைக்கு ஓ என்று இருக்கிறதா? ரத்த வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்பதை மேல்நிலை வகுப்பு உயிரியலில் கட்டம் போட்டுக் கற்றுத்தருகிறார்கள். ஓ வகைப் பெற்றோர் இருவருக்கு பி வகைப் பிள்ளை பிறக்க வழியில்லை என்பது அந்தப் பாடத்தில் தேர்வுக்கு வருகிற கேள்வி. அதைப் படித்த அன்று மாலை பிள்ளை பையைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தூத்துக்குடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் திருநெல்வேலி, மதுரை, நாகர்கோவில், சென்னை என்று கருத்தரிப்பு மையங்களுக்கு அலைந்து வந்த தம்பதிகளை நமக்கெல்லாம் தெரியும். அவர்களில் சிலருக்கு மனைவியின் கருமுட்டை கைகொடுத்திருக்காது. வேறொரு பெண்ணின் கருமுட்டையைக் கணவரின் உயிரணுவோடு சேர்த்து உண்டாக்கிய கருவை மனைவி வயிற்றில் வைத்து, பத்து மாதம் சுமந்து, நோவு பட்டுப் பெற்றிருப்பார். பிள்ளை கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக் காகிதங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, இதைப் பற்றி இனிமேல் வாயே திறப்பதில்லை என்று இருவரும் சத்தியம் பண்ணிக்கொள்கிறார்கள். எனக்குப் பயமே அந்தச் சத்தியத்தைப் பார்த்துத்தான்.

ஏனென்றால் அது ரகசியமாக இருப்பதே இல்லை. ஊசி போட்ட நர்ஸுக்குத் தெரியும். பணம் புரட்டிக் கொடுத்த அண்ணனுக்குத் தெரியும். துணைக்கு வந்த சித்திக்கு, மகள் அழுதபோது மடியில் போட்டுத் தேற்றிய ஆச்சிக்கு, ஆளைக் காட்டிக் கொடுத்த தரகருக்கு எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கு மட்டும்தான் தெரியாது. அது யாரைப் பற்றிய செய்தியோ, அவரைத் தவிர இத்தனை பேர் கையில் அது இருக்கிறது. பாகப்பிரிவினைச் சண்டையிலோ, சம்பந்தம் பேசி முறிந்த கோபத்திலோ, குடித்துவிட்டு வந்த ஒரு மாமனின் வாயிலிருந்தோ ஒரு நாள் அது வெளியே விழும்.

அதிலும் நம் கரையில் பிள்ளை பிறந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பதே சாடையைத்தான். மணப்பாட்டுக்குப் போங்கள், புன்னைக்காயலுக்குப் போங்கள், திரேஸ்புரத்துக்குப் போங்கள்: ‘மூக்கு அப்பன் மூக்கு, நெற்றி ஆச்சி நெற்றி, அம்மை சாடை எங்கே?’ என்ற பேச்சு கட்டாயம் வரும். அந்த ஒரு வார்த்தையில் தாயின் முகம் சுருங்குவதைப் பிள்ளை கவனித்துக்கொண்டே வளர்கிறது. என்ன விஷயம் என்று தெரியாவிட்டாலும், தன்னைச் சுற்றி ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

வெளியே சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கம் வேரூன்றிய கரை இது. சோதனைக் குழாய் கருத்தரிப்பையும் மூன்றாமவர் தரும் கருமுட்டையையும் திருச்சபை ஏற்பதில்லை; 1987-இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணமும் 2008-இல் வந்த ஆவணமும் அதைத் திட்டவட்டமாகச் சொல்கின்றன. காயல்பட்டினத்துப் பக்கம் வந்தால், சுன்னி மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரும் இதை அனுமதிப்பதில்லை. பங்குச் சாமியார் என்ன சொல்வாரோ, ஜமாத்தில் என்ன பேசுவார்களோ என்ற அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அதே 1987 ஆவணம், எந்த வழியில் பிறந்தாலும் பிள்ளையைக் கடவுளின் கொடையாக ஏற்று அன்போடு வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது என்பதை நம் வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வழிமுறை பற்றிய விவாதத்தின் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

இனி உடம்பு விஷயம். இங்கேதான் மறைப்பது உயிரோடு விளையாடுகிறது.

கருவை மதுரையில் வைத்துக்கொண்டு, பிரசவத்துக்கு ஊருக்கு வந்து, இங்கே பார்க்கும் டாக்டரிடம் தானாக உண்டான கர்ப்பம் போலக் காட்டிக்கொள்ளும் பெண்கள் உண்டு. தாயே, அதைச் செய்யாதீர்கள். தானக் கருமுட்டையில் உண்டாகும் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் ஆபத்து மற்றக் கர்ப்பங்களைவிட அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்கென்று கவனமாகப் பார்ப்பார். தெரியாவிட்டால் தலைவலியும் கால் வீக்கமும் வெறும் அலுப்பாகப் போய்விடும். மூன்றாம் மாதம் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்களே, அந்தக் கணக்கில் போட வேண்டியது கருமுட்டை தந்தவரின் வயது. நாற்பத்து மூன்று வயது தாய் தன் வயதைச் சொன்னால், இல்லாத ஆபத்து காகிதத்தில் பெரிதாக வரும். வீணான பயம், வீணான ஊசி, சில வீடுகளில் வீணான முடிவு.

பிள்ளை பிறந்த பிறகு ஒவ்வொரு டாக்டரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: ‘அம்மா வழியில் யாருக்காவது சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் உண்டா?’ நீங்கள் உங்கள் குடும்பக் கதையைச் சொல்வீர்கள். கருமுட்டை தந்தவர் உங்கள் ரத்த உறவு இல்லையென்றால் அந்தப் பதில் முழுக்கத் தவறு. உங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது உங்கள் மகளுக்கு எந்த விதத்திலும் அபாயக் குறி ஆகாது. கருமுட்டை தந்த பெண்ணின் வீட்டில் வந்திருந்தால் அது அபாயக் குறி, அதுவோ யாருக்கும் தெரியாது. ‘தெரியாது’ என்று டாக்டரிடம் சொன்னாலே அவர் பரிசோதனையை வேறு மாதிரி எழுதுவார். பொய்யான குடும்ப வரலாறு அவரைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்.

இன்னும் கடுமையான இடம், எலும்பு மஜ்ஜை மாற்று. ரத்தப் புற்றுநோய்க்கோ தலசீமியாவுக்கோ மஜ்ஜை தேவைப்பட்டால் முதலில் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும்தான் சோதிப்பார்கள். பெற்ற தாய் பாதியாவது பொருந்துவார் என்பது பொது விதி. தானக் கருமுட்டையில் பிறந்த பிள்ளைக்குத் தாய் அப்படிப் பொருந்த மாட்டார், தந்தை பொருந்துவார். அந்த ஆய்வக முடிவு வரும்போது பிள்ளை பன்னிரண்டு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும், சுற்றி உறவினர் நிற்பார்கள். உண்மை வெளிவர அதைவிட மோசமான நேரம் எது?

அடுத்தது, நம் ஊரில் பேசாமல் விடவே கூடாத ஒன்று: முறை. மச்சான் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு முத்துக்குளிக்கக் கடலில் இறங்கிய கரை இது. மாமன் மகள், அத்தை மகன் என்ற உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022-க்கு முன்னால் கருமுட்டை தானம் குடும்பத்துக்குள்ளேயே நடந்த வீடுகள் உண்டு. தங்கை கொடுத்திருந்தால், தங்கை பிள்ளைகள் நம் வழக்கப்படியே அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அங்கே கல்யாணப் பேச்சு எழாது. ஆனால் மனைவியின் அண்ணன் பெண்டாட்டி, அதாவது மதினி, கொடுத்திருந்தால்? ஊர்க் கணக்கில் மதினியின் மகள் உங்கள் மகனுக்கு முறைப்பெண். உடம்புக் கணக்கில் இருவருக்கும் ஒரே தாய். சின்ன வயதிலிருந்தே ‘இவளுக்கு இவன்தான்’ என்று கேலி பேசி வளர்ப்பார்கள். விஷயம் தெரிந்த நான்கு பெரியவர்களில் இரண்டு பேர் அதற்குள் கண்ணை மூடிவிட்டால், மிச்சம் இருக்கிறவர்கள் துணிந்து வாய் திறப்பார்களா? இப்படி ஒரு தானம் உங்கள் வீட்டில் நடந்திருந்தால், பிள்ளைகள் பூப்படையும் வயது வருவதற்குள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். இதில் தள்ளிப்போட இடமே இல்லை.

முகம் தெரியாத பெண் கொடுத்தார், எங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்கிறீர்களா? ஈரோட்டை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூனில் வெளிவந்த வழக்கு. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டையை, போலி ஆதாரில் வயதை ஏற்றிக் காட்டி, பல ஆண்டுகளாக 8 முறை எடுக்க வைத்தார்கள் என்று புகார். சிறுமியின் தாயும், தாயோடு வாழ்ந்த ஆணும், ஒரு பெண் தரகரும் கைதானார்கள். போலி ஆதார் தயாரித்துக் கொடுத்தவரும் பிறகு பிடிபட்டார். போக்சோ சட்டம் பாய்ந்தது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று மூன்று மாநில மருத்துவமனைகளுக்கு விசாரணை நீண்டது. அந்த ஆண்டு ஜூலையில் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் மருத்துவமனைகள் மீது நடவடிக்கையை அறிவித்தார். அந்தச் சிறுமிக்கு நடந்த கொடுமையே முதலில் நெஞ்சைச் சுடுகிறது. அதன் பிறகு இன்னொரு கேள்வியும் வருகிறது. அந்தக் கருமுட்டைகளைப் பெற்ற தம்பதிகளின் கையில் இருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும்? இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண், வேறு பெயர், வேறு வயது. அவர்கள் அதை நம்பித்தான் பிள்ளையைச் சுமந்திருப்பார்கள்.

2025 ஜூலையில் செகந்திராபாத்தில் வெடித்த வழக்கு வேறு வகை. வாடகைத் தாய் மூலம் பிறந்த உங்கள் குழந்தை என்று கையில் கொடுக்கப்பட்ட சிசு, டிஎன்ஏ பரிசோதனையில் அந்தத் தம்பதிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதது என்று தெரியவந்தது. மையத்தை நடத்திய டாக்டர் கைதானார். கையில் தந்த காகிதத்தை அப்படியே நம்பும் காலம் போய்விட்டது.

சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021, மறு ஆண்டு ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கிறது. கருமுட்டை தருகிறவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். 7 கருமுட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடையதை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. தந்தவரின் பெயர், ஆதார் எண், முகவரி எல்லாவற்றையும் பதிவு பெற்ற வங்கி வாங்கி வைக்க வேண்டும். விற்பது குற்றம்: முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் 3 முதல் 8 ஆண்டுச் சிறை. உப்பளத்துக்கும் மீன் கம்பெனிக்கும் கூலிக்குப் போகும் நம் பெண்களிடம் யாராவது வந்து, ‘பத்து நாள் ஊசி, கை நிறையப் பணம், ஒரு வலியும் இல்லை’ என்று பேசினால் அவரை வாசலோடு அனுப்புங்கள். கருமுட்டைக்காக ஊசியால் சூலகத்தைத் தூண்டும்போது அது அளவு மீறிப் பெருத்து, வயிற்றில் நீர் கோத்து உயிரே போகலாம். 2014-இல் டெல்லியில் ஒரு பெண் அப்படித்தான் இறந்தார்.

அதே சட்டம் வளர்க்கும் தாய்க்குக் கவசமும் தருகிறது. இப்படிப் பிறக்கும் பிள்ளை அந்தத் தம்பதியின் சொந்த உயிரியல் பிள்ளையாகவே கருதப்படும். சொத்து உட்பட எல்லா உரிமையும் உண்டு. கருமுட்டை தந்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது. ‘உன் பிள்ளையே இல்லையே’ என்று நாத்தனாரோ கொழுந்தனோ மிரட்டினால் நடுங்க வேண்டாம். நவி மும்பையில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண்ணுக்கு அவருடைய தங்கை கருமுட்டை தந்து, வாடகைத் தாய் மூலம் 2019-இல் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பிறகு கணவர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தனியே போனார். மைத்துனியும் அங்கே போய் இருந்தார். கருமுட்டை தந்த மைத்துனிதான் உயிரியல் தாய், என் மனைவிக்கு உரிமையே இல்லை என்று வாதாடினார். 2024 ஆகஸ்ட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, கருமுட்டை தந்ததால் தங்கைக்குத் தாய் உரிமை வராது என்று சொல்லி, அக்காவுக்கு வார இறுதிகளில் பிள்ளைகளைப் பார்க்க வழி செய்தது. ஐந்து வயதுக் குழந்தைகளைப் பார்க்க ஒரு தாய் உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது. உறவுக்குள் தானம் வாங்குவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தாயின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளையிடம் எப்போது சொல்வது? சின்ன வயதிலேயே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்பாக் குழுவினர், கருமுட்டை தானம், உயிரணு தானம், வாடகைத் தாய் ஆகிய வழிகளில் பிறந்த 65 பிள்ளைகளின் குடும்பங்களையும் இயல்பாகக் கருத்தரித்த 52 குடும்பங்களையும் குழந்தைப் பருவத்திலிருந்து 20 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் மனநலத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஏழு வயதுக்குள் உண்மை தெரிந்துகொண்ட பிள்ளைகள் தாயோடு நல்ல உறவில் இருந்தார்கள், அந்தத் தாய்மாருக்கு மனக்கவலையும் குறைவாக இருந்தது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் தந்தவர்களின் அடையாளத்தை 18 வயதில் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. அதனால் இங்கே பெற்றோர் சொல்வதுதான் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே வரலாறு.

மூன்று நான்கு வயதில் கதையாகச் சொல்லிவிடலாம். ‘நீ வேணும்னு அம்மாவும் அப்பாவும் ரொம்ப ஆசைப்பட்டோம். அம்மாகிட்ட இருந்த முட்டை சரியா வளரலை. ஒரு அக்கா அவங்ககிட்ட இருந்து ஒண்ணு தந்தாங்க. டாக்டர் அதை அம்மா வயித்துல வச்சாங்க. அங்கதான் நீ வளந்த.’ இவ்வளவு போதும். பத்து வயதாகும்போது இந்த ஊர்ப் பிள்ளைக்குக் காட்ட நல்ல உதாரணம் இருக்கிறது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். ஒரு சிப்பியின் சதைத் துணுக்கை எடுத்து, ஒரு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைத்தார்கள். வாங்கிக்கொண்ட சிப்பி தன் உடம்பில் வைத்துப் போஷித்துத்தான் முத்து விளைந்தது. நிறத்தில் மட்டும் கொடுத்த சிப்பியின் குணமும் இருக்கும்.

பிள்ளை அழலாம். ‘அந்த அக்கா எங்கே?’ என்று கேட்கலாம். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். இறந்துவிட்டார், வெளிநாட்டில் இருக்கிறார் என்று புதுப் பொய் கட்டாதீர்கள். பதினைந்து வயதாகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை என்பவர்கள் பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு மனநல ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தாய் தனியாகச் சொல்லும்படி விடக் கூடாது. சொன்ன பிறகு ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. ஆச்சியானாலும் சரி, அருட்தந்தையானாலும் சரி, பிள்ளையின் சம்மதம் இல்லாமல் ஒருவரிடமும் பேசாதீர்கள்.

காகிதத்தைப் பற்றி ஒரு அவசர எச்சரிக்கை. சட்டத்தின்படி மருத்துவமனையும் வங்கியும் 10 ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருந்து, பிறகு தேசியப் பதிவேட்டுக்கு மாற்ற வேண்டும். மருத்துவ அவசரம் வந்தால் தம்பதி கேட்கும்போது தகவல் தர இடம் உண்டு. நீதிமன்ற உத்தரவுக்கும் தர வேண்டும். 2022 ஜனவரிக்கு முன் சிகிச்சை முடித்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அன்று இருந்தது 2005-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக வழிகாட்டுதல் மட்டும். அதற்குச் சட்ட வலு கிடையாது. மையம் மூடினாலோ கை மாறினாலோ உங்கள் கோப்பு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

ஆகவே உங்கள் சிகிச்சை 2022 ஜனவரிக்கு முன் முடிந்திருந்தால் இந்த வாரமே அந்த மையத்துக்குக் கிளம்புங்கள். கருமுட்டை தந்தவரின் பெயரை அவர்கள் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். வயது, ரத்த வகை, எச்.ஐ.வி. மற்றும் மஞ்சள் காமாலைப் பரிசோதனை முடிவு, தலசீமியா போன்ற பரம்பரை நோய்ப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு, குடும்ப நோய் வரலாறு எழுதியிருந்தால் அதன் நகல், அதே பெண்ணின் கருமுட்டை வேறு தம்பதிக்குப் போனதா என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். மனுவில் உங்கள் சிகிச்சைப் பதிவு எண், கருமுட்டை எடுத்த தேதி, கரு வைத்த தேதி மூன்றும் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் ‘அனுப்பி வைக்கிறோம்’ என்றால் எழுந்து வராதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிட்டு, அந்த ரசீதையும் கோப்போடு சேர்த்துப் பூட்டி வையுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது அந்தக் கோப்பு பிள்ளையுடையது.